வீட்டுத்தோட்டத்துக்கு விலை குறைந்த கருவிகள்: எதை வாங்கலாம், எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

மாடியில் இருபது பைகள், கொல்லையில் நாலு மரங்கள், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே வாங்கிப்போட்ட ஐந்து, பத்து சென்ட் இடம். வருமானத்துக்காக இல்லாமல் விருப்பத்துக்காகத் தோட்டம் போடுகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்: கருவிகளை மலிவாக வாங்கினால் போதுமா, நல்ல விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டுமா?

'மலிவானது எல்லாம் குப்பை' என்று சொல்பவர்களும் உண்டு. 'வாரம் ஒருநாள் வேலைக்கு எதற்கு இவ்வளவு செலவு' என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. ஒரே வரியில் சொன்னால், பழுதானால் பணம் மட்டும் போகும் கருவியை மலிவாக வாங்கலாம். பழுதானால் கையோ, கண்ணோ, உயிரோ, பல வருடம் வளர்த்த மரமோ போகும் கருவியில் மிச்சம் பிடிக்கக் கூடாது. எந்தக் கருவி எந்த வகையைச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வாங்கும் முன் மூன்று கேள்விகள்

1. வருடத்தில் எத்தனை மணி நேரம் பயன்படுத்துவீர்கள்? ஒரு டிரில்லிங் மெஷினை வாரம் பத்து நிமிடம் ஓட்டினால், வருடத்துக்கு எட்டு, ஒன்பது மணி நேரம்தான் ஆகும். தச்சு வேலை செய்பவர் அதே நேரத்தைச் சில நாட்களில் தாண்டிவிடுவார். அவருக்குப் பொருந்தும் அறிவுரை உங்களுக்கும் பொருந்த வேண்டியதில்லை.

2. வேலைக்கு நடுவில் உடைந்தால் என்ன ஆகும்? பூவாளியின் மூக்கு உடைந்தால் தண்ணீர் சிந்தும். சுழலும் தகடு உடைந்தால் துண்டு முகத்துக்கு வரும். விலையை விட இந்த வேறுபாடுதான் முக்கியம்.

3. பழுதானால் யார் சரிசெய்வார்? உங்கள் ஊர்க் கொல்லரோ, மோட்டார் காயில் கட்டும் கடைக்காரரோ சரிசெய்யக்கூடிய கருவி, விலை குறைவாக இருந்தாலும் பல வருடம் வரும். உதிரிபாகம் கிடைக்காத கருவி, நல்ல விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் ஒரு சின்ன பாகத்துக்காக மூலையில் கிடக்கும்.

மண்வெட்டி, களைக்கொத்து, கடப்பாரை

இந்த மூன்றிலும் மலிவும் தரமும் ஒரே இடத்தில் கிடைக்கும். அந்த இடம் கொல்லர் பட்டறையும் வாரச்சந்தையும்தான். இணையத்தில் வண்ணப் பிடியோடு விற்கும் தோட்டக் கருவி செட்டுகளில் பல, மெல்லிய தகட்டை அச்சில் அழுத்தி எடுத்தவை. பையில் இருக்கும் பொலபொலப்பான மண் கலவைக்கு அவை போதும். செம்மண் தரையிலோ, காய்ந்த கரிசலிலோ ஒரு வாரம் கொத்தினால் முனை மடங்கிவிடும்.

மண்வெட்டி வாங்கும்போது இலையை விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. சத்தம் மந்தமாக வந்தால் எங்காவது விரிசலோ, பற்றவைப்பில் குறையோ இருக்கலாம். கையில் சின்ன அரம் இருந்தால் விளிம்பில் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். அரம் லேசாகக் கடித்துக்கொண்டு போனால் சரியான பதம். வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் இரும்பு மிருது; முனை சீக்கிரம் மழுங்கும். துளியும் கடிக்காமல் வழுக்கினால் பதம் மிகுந்துவிட்டது. கல்லில் பட்டால் சில்லு தெறிக்கலாம்.

காம்பை இரும்பைவிடக் கவனமாகப் பாருங்கள். மரத்தின் ரேகை காம்பின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே ஓடினாலோ, நடுவில் கணு இருந்தாலோ அந்த இடத்தில்தான் முறியும். கருவேலங்காம்பு நன்றாக உழைக்கும். உயரத்துக்குக் குட்டையான காம்பு முதுகைப் பதம் பார்க்கும். அரை மணி நேரம் குனிந்து கொத்தினால் தெரிந்துவிடும். வயதானவர்களும் புதிதாக ஆரம்பிப்பவர்களும் அகலமான, கனத்த இலையைத் தவிர்த்து, சிறிய இலையும் நீளமான காம்பும் உள்ளதாக வாங்கலாம்.

கடப்பாரையை ஆயுளுக்கு ஒருமுறை வாங்கினால் போதும். பழைய இரும்புக் கடையிலேயே கேட்டுப் பாருங்கள். முனை தேய்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். பட்டறையில் காய்ச்சி அடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

அரிவாள்

லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த அரிவாள் நம் பட்டறைகளின் பெருமை. அந்த எஃகு கடினமும் வளைந்து கொடுக்கும் தன்மையும் சேர்ந்தது. பளபளவென்று துருப்பிடிக்காத எஃகில் வரும் மலிவான அரிவாளைவிட இது கூர்மையை நீண்ட நாள் தாங்கும், சாணை பிடிப்பதும் சுலபம். துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவினால் அந்தக் குறையும் இல்லை. புல், கீரை அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள் போதும்; அது மலிவு, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கைக்கரண்டி, பூவாளி, பைகள்

இவை தயங்காமல் மலிவாக வாங்கக்கூடியவை. ஒன்றை மட்டும் பாருங்கள். கைக்கரண்டியின் கழுத்தில், அதாவது கரண்டியும் பிடியும் சேரும் இடத்தில், புள்ளி புள்ளியாகப் பற்றவைத்திருந்தால் அந்த இடம் வளையும். ஒரே தகட்டில் செய்ததோ, கம்பி பிடிக்குள் ஆழமாக இறங்கியதோ நல்லது. பிளாஸ்டிக் பூவாளியை வெயிலில் போட்டு வைத்தால் எந்த விலையில் வாங்கியதும் நொறுங்கிவிடும். நிழலில் வைத்தால் மலிவானதும் பல வருடம் வரும்.

கவாத்துக் கத்தரி: கொஞ்சம் செலவு செய்யுங்கள்

கடைகளில் செக்கேட்டர் என்று கேட்டால் தருவார்கள். வீட்டுத்தோட்டக்காரர்கள் தவறான மலிவுக்கு அதிகம் விலை கொடுப்பது இதில்தான். காரணம், கத்தரி உடைவதற்கு முன்பே செடியைக் கெடுக்க ஆரம்பித்துவிடுகிறது.

மலிவான கத்தரியில் இரண்டு அலகுகளுக்கும் நடுவே ஆட்டம் இருக்கும். அது கிளையை வெட்டாமல் நசுக்கும். பட்டை கிழிந்து, நசுங்கிய திசு காயாமல் ஈரமாக நிற்கும். ரோஜாவில் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகும் நோய் பெரும்பாலும் இப்படிப்பட்ட வெட்டுக்காயம் வழியாகத்தான் நுழைகிறது. கொய்யா, எலுமிச்சை, மா எல்லாவற்றுக்கும் நசுங்கிய வெட்டு ஆறுவதற்கு நாளாகும். மூன்று வருடம் வளர்த்த ஒட்டுச்செடியின் விலையோடு ஒப்பிட்டால், நல்ல கத்தரிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் சில நூறு ரூபாய் பெரிதல்ல.

வாங்கும்போது பாருங்கள்:

- பச்சைக் கிளைக்கு, கத்தரிக்கோல் போல ஓர் அலகு இன்னொன்றை உரசிக்கொண்டு கடந்து போகும் வகை வேண்டும். கத்தி ஒரு தட்டையான மேடை மேல் அழுத்தும் வகை, காய்ந்த குச்சிகளுக்கு மட்டுமே ஏற்றது.
- மூடிய கத்தரியை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். அலகுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியக் கூடாது.
- ஒரு தாளை வெட்டிப் பாருங்கள். நுனி வரை சுத்தமாக வெட்ட வேண்டும். தாளை மடித்து உள்ளே இழுக்கக் கூடாது.
- நடுவில் இருப்பது நட்டும் போல்ட்டுமாக இருக்க வேண்டும். ரிவிட் அடித்திருந்தால் இறுக்கவும் முடியாது, கழற்றிச் சாணை பிடிக்கவும் முடியாது.
- ஸ்பிரிங்கும் பூட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

வெட்டும்போது, மெல்லிய வெட்டும் அலகு மரத்தில் நிற்கப்போகும் பக்கம் இருக்கட்டும். தடித்த அலகு அழுத்தும் தடம் வெட்டி எறியும் துண்டோடு போய்விடும். கட்டைவிரல் பருமனைத் தாண்டிய கிளைக்குக் கத்தரியை முறுக்க வேண்டாம், கைரம்பம் எடுங்கள். மடக்கும் வகைக் கைரம்பங்கள் மலிவிலும் நன்றாகவே கிடைக்கின்றன. பெரிய வெட்டுக்காயங்களில் போர்டோ பசையோ, காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசையோ தடவுங்கள். நோய் தாக்கிய செடியை வெட்டிய பிறகு, அடுத்த செடிக்குப் போகும் முன் அலகை ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

தெளிப்பான்

மாடித்தோட்டத்துக்கு 2 லிட்டர் கைத்தெளிப்பான் போதும். இதை மலிவாக வாங்கலாம், ஆனால் இரண்டு நிபந்தனைகள். மேலே அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருக்க வேண்டும். மூடியின் ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்க வேண்டும். தெளிப்பான்கள் பெரும்பாலும் ரப்பரில்தான் சாகின்றன. வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்துவிட்டு அப்படியே வைத்தால் எண்ணெய் பிசின்போல் உறைந்து முனையை அடைத்துவிடும். தெளித்து முடிந்ததும் சோப்புத் தண்ணீர், அடுத்து வெறும் தண்ணீர் என்று இரண்டுமுறை அடித்துக் கழுவினால், மலிவான தெளிப்பானின் ஆயுள் இரண்டு மடங்காகும்.

பத்து சென்ட்டுக்கு மேல் இடம் இருந்தால் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் உதவும். இவற்றில் பலவற்றில் இருப்பது 12 வோல்ட், 8 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி. சிறிய யூபிஎஸ்களில் போடும் பேட்டரியின் அளவுதான், எந்த ஊரிலும் மாற்றிவிடலாம். அதனால் விலை குறைந்த மாடலும் வாங்கத் தகுந்ததே. இந்த பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் போட்டு வைத்தால் மட்டும் செத்துவிடும். பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் காய்கறிச் செடிக்குப் பயன்படுத்தாதீர்கள். கழுவினாலும் குழாயிலும் ரப்பரிலும் மிச்சம் தங்கும். தக்காளியும் வெண்டையும் சுருண்டு போகும். களைக்கொல்லி பயன்படுத்துகிறவர்கள் அதற்கென்று தனியாக ஒரு மலிவான தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது.

டிரில்லிங் மெஷின்

பந்தல் கம்பி கட்ட, மரப்பெட்டி செய்ய, தொட்டியில் ஓட்டை போட, சொட்டுநீர்க் குழாய்க்கு கிளாம்ப் அடிக்க என்று தோட்டக்காரருக்கு அதிகம் உதவும் மின்கருவி இதுதான். வருடத்துக்குப் பத்து மணி நேரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு விலை குறைந்த வயர் டிரில்லே போதும். பேட்டரி டிரில்லைவிட அதே விலையில் வலு அதிகம்; பேட்டரி கெட்டுப்போகும் கவலையும் இல்லை.

மலிவான மெஷினில் காப்பர் காயிலுக்குப் பதில் அலுமினியக் காயில் இருக்கலாம். சீக்கிரம் சூடாகும். ஐந்து நிமிடம் ஓட்டினால் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். கார்பன் தேய்வது எல்லா மெஷினிலும் இயல்பு. வெளியிலிருந்தே ஸ்க்ரூ கழற்றிக் கார்பன் மாற்றும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெஷினோடு இலவசமாக வரும் பிட்டுகளை நம்ப வேண்டாம். மெஷினில் மிச்சம் பிடித்த காசில் 6, 8, 10 மி.மீ. நல்ல பிட்டுகள் மூன்று வாங்கினால், வேலையில் வித்தியாசம் தெரியும்.

குழி எடுப்பதற்கென்று டிரில்லில் மாட்டும் திருகு விற்கிறார்கள். பை மண்ணிலும் பொலபொலப்பான பாத்தியிலும் நாற்று நட அது உதவும். இறுகிய தரையில் வேர் அல்லது கல்லில் சிக்கினால் மெஷின் கையைச் சுற்றித் திருப்பிவிடும், மணிக்கட்டு சுளுக்கும். அங்கே கடப்பாரைதான் சரி.

பேட்டரி கருவிகளும் ஏமாற்றும் எண்களும்

பேட்டரி கத்தரி, சின்ன பேட்டரி ரம்பம், புல்வெட்டி எல்லாம் இப்போது மலிவாக வருகின்றன. பெட்டியின் மேல் 48, 88, 128 என்று பெரிய எண்கள் அச்சடித்திருப்பார்கள். அது வோல்ட் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். ஒரு சின்ன கணக்கு போட்டால் உண்மை தெரியும்.

இக்கருவிகளில் இருக்கும் லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. ஐந்து செல்லை வரிசையாகச் சேர்த்தால் சராசரி 18 வோல்ட், முழுச் சார்ஜில் 21. ஆக, 18 என்று எழுதியதும் 20 என்று எழுதியதும் 21 என்று எழுதியதும் பெரும்பாலும் ஒரே வகை பேட்டரிதான். நிஜமாகவே 88 வோல்ட் வேண்டுமானால் 20 செல்லுக்கு மேல் வேண்டும். செல் ஒன்று சுமார் 45 கிராம். செல்களின் எடை மட்டுமே ஒரு கிலோவை நெருங்கும். உள்ளங்கையில் அடங்கும் அரைக் கிலோ பேட்டரிக்குள் அது இருக்க வாய்ப்பில்லை.

அதனால் எண்ணைப் பார்க்காமல் மூன்றைப் பாருங்கள்: பேட்டரியின் எடை, ஆம்பியர்-அவர் எவ்வளவு, தனி பேட்டரி எவ்வளவு விலைக்குக் கிடைக்கும். தனி பேட்டரி விற்காத கருவி, பேட்டரி தீர்ந்த அன்றே இரும்புக் கடைக்குப் போகும். இரண்டாவது, மூன்றாவது பேட்டரி கருவி வாங்கும் எண்ணம் இருந்தால், ஒரே பேட்டரியில் எல்லாம் ஓடும்படி ஒரே நிறுவனத்தில் வாங்குவதே கடைசியில் மலிவு. சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போக வேண்டாம். வீங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது.

கட்டிங் மெஷின்: மெஷின் மலிவாக இருக்கலாம், தகடு கூடாது

ஆங்கிள் கிரைண்டரைத்தான் நம் ஊரில் கட்டிங் மெஷின் என்கிறோம். பந்தல் கம்பி, இரும்புக் குழாய் வெட்டவும், மண்வெட்டி முனை தீட்டவும் பயன்படும். 4 அங்குல மெஷின் நிமிடத்துக்குச் சுமார் 11,000 முறை சுழலும். இந்த வேகத்தில் தகடு உடைந்தால் துண்டுகள் தோட்டா போல் பறக்கும்.

- தகட்டில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம், மெஷினின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.
- இரும்பு வெட்டும் தகடுகளுக்குக் காலாவதித் தேதி உண்டு. நடுவில் உள்ள உலோக வளையத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஈரத்தில் கிடந்த தகட்டையும் கீழே விழுந்த தகட்டையும் பயன்படுத்தாதீர்கள்.
- மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய தகடு மாட்டுவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. விபத்துக்கு அதுவே வழி.
- இந்த மெஷினில் மரம் அறுக்கும் பல் தகடு மாட்டவே மாட்டாதீர்கள். பல் மரத்தில் சிக்கினால் மெஷின் ஆள் மேல் துள்ளும்.

கண்ணாடி இல்லாமல் இதைத் தொட வேண்டாம். ஆயிரக்கணக்கில் மெஷின் வாங்கிவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடிக்கு நூறு ரூபாய் தர யோசிப்பது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பது போலத்தான். துண்டு, முந்தானை, தொளதொளப்பான கையுறை எதுவும் சுழலும் கருவியின் பக்கம் போகக் கூடாது.

பிரஷ் கட்டர்: இடத்தின் அளவு முடிவு செய்யட்டும்

ஐந்து சென்ட் என்பது சுமார் 2,180 சதுர அடி. இந்த இடத்துக் களையை அரிவாளும் களைக்கொத்தும் வைத்து இரண்டு மூன்று காலை வேளைகளில் முடித்துவிடலாம். அதற்கு பிரஷ் கட்டர் தேவையில்லை. இருபது, முப்பது சென்ட்டாக இருந்தாலும் வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான் வெட்டுவீர்கள் என்றால், மெஷினோடு ஆளைக் கூப்பிட்டுக் கூலி கொடுப்பதே மலிவு. வாங்கும் விலையை ஒருமுறைக் கூலியால் வகுத்துப் பாருங்கள். விடை 20 வந்தால், வருடம் நான்கு முறை வெட்டுகிறவருக்கு முதல் திரும்ப ஐந்து வருடம் ஆகும். மலிவான என்ஜின் அத்தனை வருடம் தொந்தரவில்லாமல் ஓடும் என்று நம்ப முடியாது.

அதற்கும் மேல் இடம் இருந்து, சொந்தமாகத்தான் வேண்டும் என்றால், உங்கள் ஊரில் மெக்கானிக் எந்த என்ஜினைப் பிரித்துப் பார்க்கிறாரோ அதை வாங்குங்கள். மலிவானவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். எவ்வளவு என்பதை அந்த மெஷினின் கையேட்டில் பாருங்கள். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 40-க்கு 1 என்றால் 25 மி.லி., 50-க்கு 1 என்றால் 20 மி.லி. ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்தப் பழுதுக்கு வாரண்டி கிடைக்காது.

இன்று பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கில் நின்றால் கார்புரேட்டரின் ரப்பர் பாகங்கள் கெடும். அடுத்த மழைக்குத்தான் எடுப்பீர்கள் என்றால், டேங்கைக் காலி செய்து, என்ஜின் தானாக நிற்கும் வரை ஓட்டிவிட்டு வையுங்கள். நாள்பட்டுக் கிடந்த மெஷின் ஸ்டார்ட் ஆகாததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

புல்லுக்கு நைலான் நரம்பு போதும். இரும்பு பிளேடு கல்லிலோ தண்டிலோ பட்டால் மெஷின் பக்கவாட்டில் உதறும். 15 மீட்டர் சுற்றளவில் ஆளோ, ஆடு மாடோ நிற்கக் கூடாது. முகக்கவசமும் காலை மூடும் பூட்ஸும் கட்டாயம்.

செயின் சா: ஆளைக் கூப்பிடுங்கள்

விலை குறைந்த பெட்ரோல் செயின் சா, விருப்பத்துக்குத் தோட்டம் போடுகிறவர்கள் வாங்கக் கூடாத கருவி. ரம்பத்தின் மேல்நுனி கிளையில் பட்டால், கண் இமைக்கும் நேரத்தில் முகத்தை நோக்கித் திரும்பும். அப்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக் சரியாக வேலை செய்தே ஆக வேண்டும். மலிவான மெஷினில் அதை நம்பி நிற்க முடியாது. வருடம் ஒருமுறை விழுந்த கிளையை அறுக்க, பழகிய ஆளுக்குக் கூலி கொடுங்கள். ஒரு கையில் பிடிக்கும் சின்ன பேட்டரி ரம்பமும் இதே குணம் உள்ளதுதான். வாங்கினால் தரையில் நின்று மட்டும் பயன்படுத்துங்கள். ஏணியில் ஏறி நின்றோ, மற்றொரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டோ வெட்ட வேண்டாம்.

மின்சாரத்தில் மலிவு வேண்டாம்

தோட்டம் என்றாலே ஈரம். ஈரத் தரை, வெறுங்கால், மலிவான வயர் மூன்றும் சேர்ந்தால் உயிர் போகும். கருவியை மலிவாக வாங்குகிறவர்களும் இந்த நான்கில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

1. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பிளக், வயர் மூன்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். முத்திரையின் உரிம எண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம்.
2. 30 மீட்டர் தூரம் வயர் இழுப்பதென்றால் 1.5 சதுர மி.மீ. காப்பர் வயர், மூன்று கம்பியுள்ளது வாங்குங்கள். மெல்லிய வயரில் மின்னழுத்தம் குறையும், மெஷின் திணறிச் சூடாகும். சுருட்டி வைத்தபடியே ஓட்டினால் வயரே உருகலாம்.
3. கருவியின் பெயர்ப் பட்டையில் சதுரத்துக்குள் சதுரம் இருந்தால் இரட்டைக் காப்பு உள்ளது என்று அர்த்தம். அது இல்லாவிட்டால் எர்த்துடன் கூடிய மூன்று முனை பிளக் அவசியம்.
4. வீட்டு இணைப்பில் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். கசிவு ஏற்பட்ட நொடியில் மின்சாரத்தை நிறுத்திவிடும். தோட்டத்துக்காக வாங்கும் கருவிகளிலேயே மிகவும் முக்கியமானது இதுதான்.

சொந்தமாக வாங்கத்தான் வேண்டுமா?

வருடத்தில் ஓரிரு முறை தேவைப்படும் பெரிய கருவிக்கு வாடகையே சரி. நிலம் உழ, புதர் அழிக்க, பவர் டில்லர், டிராக்டர் போன்றவற்றை வேளாண் பொறியியல் துறையிடமிருந்தும் வாடகை மையங்களிலிருந்தும் பெறலாம். 'உழவன்' செயலியில் இ-வாடகை மூலம் முன்பதிவு செய்யும் வசதி இருக்கிறது.

உங்கள் பெயரில் விவசாய நிலம் இருந்தால், வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சில இயந்திரங்களுக்கு மானியம் கிடைக்கும். முதலில் விண்ணப்பித்து, அனுமதி பெற்ற பிறகே வாங்க வேண்டும். வாங்கிவிட்டு ரசீதோடு போனால் மானியம் கிடைக்காது. உங்கள் வட்டார வேளாண் பொறியியல் அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டார் தோட்டம் வைத்திருந்தால், நல்ல கவாத்து ரம்பம், ஏணி, பேட்டரி ஸ்பிரேயர் போன்றவற்றைப் பங்கு போட்டு வாங்கலாம். யார் வீட்டில் இருக்கும், கெட்டுப்போனால் யார் சரிசெய்வது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மலிவான கருவியை நீடிக்க வைக்க

- வேலை முடிந்ததும் மண்ணைத் தட்டிக் கழுவி, துடைத்து, உலர்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள்.
- ஒரு வாளியில் மணல் நிரப்பிச் சிறிது எண்ணெய் கலந்து வையுங்கள். கரண்டி, களைக்கொத்தை அதில் நாலைந்து முறை குத்தி எடுத்தால் துரு போகும், எண்ணெயும் பூசிக்கொள்ளும்.
- வருடம் ஒருமுறை மரக்காம்புகளுக்கு வேப்பெண்ணெய் தடவுங்கள். வெடிப்பும் கரையானும் குறையும்.
- ஆடும் காம்பைத் தண்ணீரில் ஊறவைத்தால் அன்றைக்கு இறுகும். காய்ந்ததும் மறுபடி ஆடும். ஆப்பு அடிப்பதே சரியான வழி.
- மெஷினின் காற்றுத் துவாரங்களில் தூசி சேரவிடாதீர்கள். தூசி அடைத்தால் காயில் வெந்துவிடும்.

எந்த வரிசையில் வாங்குவது?

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். நாற்பது, ஐம்பது உருப்படிகள் கொண்ட செட் பார்க்க மலிவாகத் தெரியும். அதில் நீங்கள் தொடப்போவது ஐந்தோ, ஆறோதான்.

முதல் மாதம்: கைக்கரண்டி, களைக்கொத்து, பூவாளி, 2 லிட்டர் தெளிப்பான். எல்லாமே மலிவாக வாங்கலாம். தரையில் தோட்டம் என்றால் பட்டறை மண்வெட்டி ஒன்று, அரிவாள் ஒன்று.

செடி வளர்ந்து கவாத்துக்கு வரும்போது: நல்ல கவாத்துக் கத்தரி, மடக்கும் கைரம்பம்.

பந்தல் போடும்போது: ஆர்.சி.சி.பி., நல்ல வயர், பாதுகாப்புக் கண்ணாடி. அதற்குப் பிறகு மலிவான டிரில்லிங் மெஷின்.

ஒரு வருடம் ஆன பிறகு: எந்தக் கருவியை இரண்டு மூன்று முறைக்கு மேல் இரவல் வாங்கினீர்களோ, கூலி கொடுத்தீர்களோ, அதை மட்டும் வாங்குங்கள்.

எந்த மலிவான கருவி தேய்ந்து உடையும் அளவுக்கு உழைத்ததோ, அதை அடுத்தமுறை நல்ல விலையில் வாங்குங்கள். அது உங்களுக்கு உண்மையில் தேவைப்படும் கருவி என்று தெரிந்துவிட்டது. உடையாமல் மூலையில் கிடக்கும் கருவிக்குக் குறைந்த விலை கொடுத்ததில் நஷ்டம் பெரிதாக இல்லை. ஆனால் கத்தரி, சுழலும் தகடு, மின்வயர் ஆகிய மூன்றிலும் உடைந்த பிறகு மாற்றலாம் என்று காத்திருக்க வேண்டாம். அவற்றை முதல்முறையே நல்லதாக வாங்குங்கள்.